காணியில்லா ராசாவும் மண்ணெண்ணெய் அனுமதியும்

முன்னொரு காலத்திலே, நாங்கள் வலை வீசாத கடலுக்கும் அங்காலே, இங்கிலாந்து தேசத்தை யோவான் என்றொரு ராசா ஆண்டுவந்தார். தகப்பன் காணியெல்லாம் மூத்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதால் சின்ன வயதிலேயே அவருக்குக் ‘காணியில்லாதவன்’ என்று பட்டம். முடி கிடைத்ததும் வரி மேல் வரி போட்டார். பிரபுக்கள் திரண்டு வந்து, ராசாவும் சட்டத்துக்குக் கீழைதான் என்று சாசனம் எழுதி, அவரைக் கொண்டே முத்திரை குத்துவித்தார்கள். கடைசியில் அவருடைய பெட்டி படுக்கை முழுவதும் கடல் ஏறிய சேற்றிலே புதைந்து தாண்டு போயிற்று. இவ்வளவு இடருக்கும் அவருக்கு நிவாரண அட்டை கிடைத்ததாகத் தகவல் இல்லை.

தொண்ணூற்றேழில் முள்ளிவாய்க்கால் கோயில் பெருநாளுக்கு இதைக் கூத்தாகப் போட்டபோது, ராசா வேடம் மரியநேசனுக்கு விழுந்தது. அவனுக்கு உள்ளுக்குள் ஒரு கள்ளச் சந்தோசம். யுத்தத் தடைக்குள் மண்ணெண்ணெய் அனுமதி கிடைக்காமல் அவனுடைய இயந்திர வள்ளம் மாதக்கணக்காய் மணலில் கிடந்தது. ஒரு நாளைக்காவது மற்றவர்கள் தன்னிடம் வந்து கேட்கட்டும். அங்கே ஒரு வழக்கமும் உண்டு: முடி வைத்தவன், கூத்து முடிவில் மங்களம் பாடும்வரை அதைக் கழற்றக்கூடாது.

கூத்துக்கும் அனுமதி வேண்டும். அனுமதி உத்தியோகத்தர் ஐயாத்துரை கதையை விசாரித்தார்.

“ராசாவுக்குக் காணியில்லையோ?”

“இல்லை ஐயா.”

“அப்ப எந்த விலாசத்திலை இருந்து ஆளுறார்?”

“கோட்டையிலை ஐயா.”

“கோட்டை ஆரின்ரை பேரிலை?”

மரியநேசன் அண்ணாவியார் சூசைமுத்துவைப் பார்த்தான். கூத்துப் பழக்கிய அந்த மனுசன் கூரையைப் பார்த்தார்.

“சரி, முத்திரை?”

“பூவரசங்கட்டையிலை செதுக்கி வைச்சிருக்கிறம்.”

“போலி முத்திரை பாரதூரமான குற்றம். பொதுமக்கள் நலன்கருதி, அலுவலக முத்திரையோடு நானே சமூகமளிப்பேன்.”

விளக்குக்கு எண்ணெய் இல்லாதபடியால் கூத்துப் பகலிலேயே நடந்தது. பிரபுக்கள் வாளோடு சுற்றி ஆட, “ராசாவும் சட்டத்துக்குக் கீழைதான், முத்திரை வரட்டும்” என்று ராசா பாடினார். ஐயாத்துரை மேடையேறி, ராசாவின் கதிரையிலேயே அமர்ந்து, முத்திரையை மேசையில் வைத்தார்.

நிசமான முத்திரையைக் கண்டதும் சனம் எழும்பி வரிசையில் நின்றது. முதல் ஆள் சுசிலா, வவுனியாவுக்குப் போகிற பாசுக்கு. பிரபுவாக ஆடிய துசியந்தன் வாளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு சீமெந்துக்கு நின்றான். அண்ணாவியாரும் தாளத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய் நின்றார்.

“துசி, கொஞ்சம் விலகு. என்ரை எண்ணெய் அலுவல் மட்டும்” என்றான் மரியநேசன்.

“ராசாவும் சட்டத்துக்குக் கீழைதான்” என்றான் துசியந்தன், திரும்பாமலே. “பின்னாலை போங்கோ.”

“இப்பதானே பாடினனீங்கள்” என்றாள் சுசிலா. சனம் ஏகமனதாக ஆமோதித்தது.

ராசா வரிசையின் வாலுக்குப் போனார். ஒவ்வொருவராய்க் குத்துவித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர் மேசையடிக்கு வந்தபோது ஐயாத்துரை முத்திரையைத் துடைத்து உறைக்குள் போட்டார்.

“மை முடிஞ்சுது. மைக்கு அனுமதி வரவேணும்.”

“அப்ப சாசனம், ஐயா? அதுக்கு ஒருதரும் குத்தேல்லையே.”

“அதுக்கு ஆர் வரிசையிலை நிண்டது?”

ஐயாத்துரை சைக்கிளில் ஏறிப் போனார். மங்களம் பாட ஆளில்லை. மரியநேசன் முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றாமலே வள்ளம் கிடந்த பக்கம் நடந்தான்.