சத்தம் போடாத எஞ்சின்

சுயம்பு புது எஞ்சின் வாங்க முடிவெடுத்தது மீன் பிடிப்பதற்காக அல்ல. பெண்டாட்டியைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக.

அவனுடைய சின்னப் படகில் மாட்டியிருந்த பழைய எஞ்சின் மாஹிம் கரையை நெருங்கும்போதே தாராவியில் குழந்தைகள் தூக்கம் கலைந்து அழும். பாதி வழியில் நின்றுவிட்டால் கயிற்றை இழுத்து இழுத்து அவன் தோள்தான் சூடாகும், எஞ்சின் சூடாகாது.

அவன் பெண்டாட்டி மகேஸ்வரி எஞ்சினை மாற்றும்படி மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நடுக்கடல்ல ஒரேயடியா நின்னுட்டா என்ன செய்விய?"

"ஓடுறத எதுக்குட்டி மாத்தணும்? உனக்கு எல்லாத்துக்கும் டென்ஷன்."

இந்த மழைக்காலம் முடிந்ததும் கரையில் எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்றைத் தௌசீப் என்ற மெக்கானிக் திறந்தான். மீனை வாங்கக் கூடையோடு வரும் மகேஸ்வரி அங்கேதான் நிழலுக்கு நிற்பாள். தூரத்திலிருந்தே சுயம்புவுக்கு இரண்டு தலைகள் தெரியும். சிரிப்பில் குலுங்கும் தலைகள். படகு கரை தட்டும்போதோ அவள் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி போல உட்கார்ந்திருப்பாள். தௌசீப் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

"அங்க என்ன சிரிப்பு?"

"எங்க?"

"அவன்கூட."

"யாரு சிரிச்சா? உங்க எஞ்சின் புகையில கண்ணு மங்கிட்டு போல."

அன்று சாப்பிடும்போது சுயம்பு ஒரு ஜோக் சொன்னான். தானே இரண்டு தடவை சிரித்தும் காட்டினான். மகேஸ்வரி "ம்" என்று ரசம் ஊற்றினாள். அவனுக்கு அடிவயிறு எரிந்தது. மிளகு கூடிவிட்டது என்று ரசத்தின் மேல் பழி போட்டான்.

மறுநாளே எஞ்சின் கடையில் நின்றான்.

"எத்தன குதிரைசக்தி வேணும்?" என்றார் கடைக்காரர்.

"சக்தி கெடக்கட்டும். சத்தம் எப்படி?"

ஒரே சங்கடம், அதை மாட்டவும் தௌசீப்தான் வர வேண்டியிருந்தது. அவன் படகின் இற்றுப்போன பின்பலகையைப் பிடுங்கி, புதுப் பலகை அடித்து, எஞ்சினைத் தொங்கவிட்டு முறுக்கினான்.

"அண்ணாச்சி, புதுசு. கொஞ்ச நாள் மெதுவாத்தான் ஓட்டணும்."

மெதுவாக வரத்தானடா வாங்கினேன் என்று சுயம்பு மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

முதல் நாளே சீக்கிரம் திரும்பினான். எஞ்சின் பால் குடித்த பூனை போல முனகியது. மற்ற படகுகளுக்கு நடுவே நுழைந்து, கொட்டகைக்குப் பின்னால் இறங்கிக் காதைத் தகரத்தில் வைத்தான்.

"மதினி, இனியாச்சும் என்னைய விடுங்க," என்றது தௌசீப்பின் குரல். "சும்மா சும்மா சிரிச்சுத் தாடை வலிக்கு. எம் பொண்டாட்டி ஷைஸ்தா வேற, கடையில யாருகூட இளிப்புன்னு வீட்டுல பாத்திரத்த உருட்டுதா."

"போதும்ப்பா, எஞ்சின்தான் வந்துட்டுல்லா. மூணு வருசம் அழுது கேட்டேன், அந்த மனுசன் அசையல. நாம சிரிச்சதும் ஓடிப்போய் வாங்கிட்டாரு. இனி நடுக்கடல்ல நிக்காம வீடு வந்து சேருவாரு."

சுயம்புவுக்குக் கோபப்படுவதா, கண் கலங்குவதா என்று தெரியவில்லை.

"அப்ப என் வேலை முடிஞ்சுதா?"

"உன் வேலை முடிஞ்சுது. வீட்டுல ஃப்ரிட்ஜ் பழசாயிட்டு. நாளைக்கு ரிப்பேர் பாக்க நகுல்னு ஒரு பையன் வாரான். இனி அவன்கூடத்தான் சிரிக்கணும்."

எல்லாம் தெரிந்த பிறகும், அன்று சாயங்காலமே சுயம்பு காட்கோபருக்குப் போய்ப் புது ஃப்ரிட்ஜ் வாங்கி வந்தான்.