சங்குப் பாப்பாவின் கல்யாணக் கேசட்

மாலை சரியாக நாலு இருபதுக்கு, எங்கள் வீட்டுக் கூடத்தில் உயிரோடு தூங்கிக்கொண்டிருந்த என் கணவருக்கு முதல் மாலை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் எதிர்வீட்டு டைலர் ஆன்டி. கழுத்தில் போடுவதா, காலடியில் வைப்பதா என்று கண்களாலேயே என்னைக் கேட்டார்.

எல்லாம் சங்குப் பாப்பாவால் வந்தது. எங்கள் கிள்ளான் ஊரில் அப்படியொரு குரல் அதற்கு முன்பு இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. பஸ்ஸில் அவள் மெல்ல முனகினால் போதும், பின்சீட்டுக் கிழவர்கள் இறங்கி அடுத்த பஸ்ஸில் வருவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது. துக்க வீட்டில் சங்குச் சத்தத்துக்கு அடுத்தபடி கேட்பது அவள் குரல், அதனால் அந்தப் பெயர்.

பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய ஏழு வயதில் அப்பா இறந்துபோனார். பாட வரவேண்டிய ஆள் வரவில்லை. பள்ளியில் படித்த பதிகத்தை மகளே தலைமாட்டில் உட்கார்ந்து பாடினாள். அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவளை ஏற்றிப்போக ஒரு லோரி வந்தது. அன்றிலிருந்து அம்மாவின் மருந்தும் இரண்டு தம்பிகளின் படிப்பும் அந்தக் குரலில்தான் நடந்தன. “ஹோம்வர்க்கெல்லாம் சவப்பொட்டிக்குப் பக்கத்துலதான்கா செய்வேன். அங்கதான் லைட் நல்லா இருக்கும்” என்று சிரிப்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது இல்லையா? அந்தப் பழக்கம் அவளுக்கு ஊறிப்போயிருந்தது. எந்த வீட்டிலும் ‘போயிட்டு வரேன்’ சொல்லமாட்டாள். தேநீரை ஆற்றிக்கொண்டு நான் திரும்பினால் பாய் மட்டும் கிடக்கும். கேட் திறந்த சத்தமும் கேட்டிருக்காது. ஒருமுறை, மூலைவீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரிடம் அக்கறையாக, “அங்கிள், உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டாள். மனிதர் அந்த வாரமே மலாக்காவில் இருந்த மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்.

பத்தொன்பது வயதில் அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது, கல்யாண மேடையில் பாடவேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஓர் இசைக்குழுத் தலைவரிடம் போய் நின்றாள். அவர் வாசல் கதவைப் பாதிதான் திறந்தாராம். “உள்ள வராதம்மா, வீட்டுல வயசானவங்க இருக்காங்க. கேசட்ல பாடி அனுப்பு, கேக்கறேன்லா. நாளைக்குள்ள வரணும். இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவேன்.”

எங்கள் வீட்டில் நல்ல ரெக்கார்டர் ஒன்று இருந்தது. வந்தாள்.

என் கணவர் துறைமுகத்தில் இரவு வேலை. பகலில், சிமெண்டுத் தரை குளிர்ச்சி என்று கூடத்தில்தான் படுப்பார். வெள்ளைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மல்லாந்து, குறட்டையே இல்லாமல் தூங்குவார். ப்ளக் பாயின்ட் அவர் தலைமாட்டில் இருந்தது. அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இரைச்சல் பதிவாகும் என்று விசிறியை நிறுத்தினேன். போர்வை அசைவதும் நின்றது.

அவள் பாடியது கல்யாண ஊஞ்சல் பாட்டு. சொல்லெல்லாம் மங்கலம்தான். ஆனால் ஒவ்வொரு அடியின் முடிவிலும் அந்தக் குரல் மெல்ல இறங்கி, தேடிப் பார்த்து, யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பிறகு நான்கு. கேட் திறந்தது.

மாலைக்குப் பின்னால் நாற்காலிகள் வந்தன. கூடாரக்காரர் லோரியைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்திவிட்டு வந்து, “சிஸ்டர், ரெண்டு கூடாரம் போதுமா, இல்ல சொந்தக்காரங்க நெறைய வருவாங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் டைலர் ஆன்டி ஒப்பாரியைத் தொடங்கினார்.

அந்தச் சத்தத்தில் என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். “யாரு போயிட்டாங்க?” என்றார்.

ஆன்டி அப்படியே என்மேல் சாய்ந்தார். கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் கூடாரக்காரர் மெதுவாகச் சொன்னார்: “அண்ணே உயிரோட இருக்காரு. அப்ப இந்தப் புள்ள யாருக்குப் பாடுது?”

எல்லாரும் வீட்டு ஆட்களை எண்ணத் தொடங்கினார்கள். இருப்பது மூன்று பேர். இரண்டு பேர் கூடத்தில் இருந்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நாற்பது. மகளின் பள்ளி பஸ் நாலரைக்கே வந்திருக்கவேண்டும்.

நான் கொஞ்சம் பயந்த சுபாவம். ஒன்பது வயது மகளைத் துக்க வீட்டுக்கு மட்டுமல்ல, துக்கம் நடந்த தெருவுக்கும் அனுப்பியதில்லை. இன்று அவள் வளர்ந்து வேலைக்குப் போகிறாள். பத்து நிமிடம் பிந்தினாலும் என் காது அந்தப் பாட்டைத் தேடுகிறது. அன்று நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சங்குப் பாப்பாவின் கையைப் பிடித்து உலுக்கி, “நிறுத்துடி, என் புள்ளய விட்டுடு” என்றேன்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

“அக்கா, எங்கப்பா போனப்புறம்தான் நான் பாடினேன். எல்லார் வீட்டுலயும் போனப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் பாடி யாரும் போகலக்கா.”

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “ஒரு சரணம் பாக்கி இருக்கு” என்றாள். “கேசட் ஒண்ணுதான் இருக்கு.” கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து பாடினாள். என் கணவர் வாசலுக்கு ஓடினார். நான் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த கேசட் அழுகை, கூடாரக் கணக்கு, என் கூச்சல் எல்லாவற்றோடும் மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸ் போயிற்று. இப்போது அவள் தேதி கிடைத்த பிறகுதான் பலர் கல்யாண மண்டபமே பார்க்கிறார்கள். குழுத் தலைவர் பின்னாளில் என்னிடம் சொன்னார்: “பாதியிலயே நிறுத்தப் போனேன் சிஸ்டர். கை வரல. கடைசியில ஒரு சின்னக் குரல் கேட்டுச்சு. அப்புறம் மறுபடியும் முதல்லேர்ந்து போட்டேன். வேற பாட்டா இருந்துச்சு.”

அந்தச் சின்னக் குரல் சரணம் முடிவதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. தெருமுனையில் லோரி குறுக்கே நின்றதால் பஸ் உள்ளே வரமுடியாமல், டிரைவர் கடைசியில் அங்கேயே இறக்கிவிட்டிருந்தார். பள்ளிப் பையைத் தோளில் மாட்டியபடி என் மகள் நாற்காலிகளையும் மாலையையும் பார்த்தாள். பாடிக்கொண்டிருந்தவளையும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“ரோட்டு முனையிலயே கேட்டுச்சும்மா, பாட்டு எவ்ளோ நல்லாருக்கு. யாருக்கும்மா கல்யாணம்?”