குசினி யன்னலில் தெரிந்த பொருளாதாரம்

ஒரு நாட்டின் பொருளாதாரம் எங்கே போகிறது என்பதைப் பேராசிரியர்களும் மத்திய வங்கிக்காரரும் அறியமாட்டார்கள். மொன்ட்ரியாலில் அதை அறிந்த ஒரே மேதை, லாசால் பகுதிவாசியான திருவாளர் பேரின்பநாதன்.

வட்டி ஏறப்போவதை ஏறுமுன்பே சொன்னவர். ஆட்குறைப்பை, குறைக்கிற முதலாளிக்கே தெரியாத வேளையில் சொன்னவர். “எப்பிடி அண்ணை?” என்று யாராவது கேட்டால், “எங்கட நிறுவனத்தின்ர தரவு” என்பார். நிறுவனம் எதுவென்று மனைவி புஷ்பவதிக்கும் ‘பெரிய ஹொட்டேல்’ என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

உள்ளதைச் சொன்னால், நிறுவனம் பெண்கள் உடுப்பைக் களைந்து ஆடும் ஒரு கிளப். பேரின்பநாதன் பதினேழு வருடமாக அங்கே குசினியில் சமையல்காரர். சாப்பாட்டுத் தட்டு நீட்டும் சின்ன யன்னல்தான் அவருடைய ‘ஆய்வுகூடம்’. கட்டட ஒப்பந்தக்காரர்கள் விஸ்கியிலிருந்து பியருக்கு இறங்கினால் வீட்டு விலையும் இறங்கும். கார் விற்பவர்கள் ஒரு தட்டுக் கோழிச் செட்டையை மூன்று பேராகப் பங்கிட்டால் ஆட்குறைப்பு நிச்சயம். இந்த வருடமோ, ஆட்டக்காரி எலிசா குசினி மேசையில் குந்தியிருந்து தாதி உதவியாளர் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பினாள். பொருளாதார மந்தம் முற்றிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அறிக்கை வேண்டுமா?

இப்பேர்ப்பட்ட ஞானத்தைச் சமூகம் வீணாக்கவில்லை. தமிழர் வர்த்தக மேம்பாட்டு மன்றம் ஒரு ஞாயிறு மாலை அவரைப் பேச அழைத்தது. “இப்ப ஒருத்தரும் வீடு வாங்காதையுங்கோ” என்று அவர் உரையை முடித்தார். தலைவர் நகுலேஸ்வரனின் முகம் கறுத்தது. அவர் வீடு விற்கும் முகவர். பியர்ஃபொன் பகுதியில் நாலு வீட்டை அந்தச் சபையின் தலையிலேயே கட்டக் காத்திருந்தவர்.

“உந்தத் தரவு எந்தக் கொம்பனியின்ர? பேரைச் சொல்லுங்கோ. இல்லாட்டி இது சுத்தப் புளுகு எண்டு கூட்டக் குறிப்பில எழுதுவம்.”

பேரின்பநாதன் மூன்றாம் வரிசையில் இருந்த புஷ்பவதியைப் பார்த்தார். பேரைச் சொன்னால் இனி வீட்டில் சோறு கிடைக்காது. சொல்லாவிட்டால், அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் தங்கை மகன் நிஷான் நாளைக்கே ஒரு வீட்டுக்குக் கையெழுத்து வைத்துக் கவிழ்ந்துபோவான். பாழாய்ப்போன பாசம் வென்றது.

“லா பெல் ப்ளூம்,” என்றார்.

“அது உடுப்பில்லாமல் ஆடுற இடமெல்லோ?” தலைவரின் பண்பாடு துடித்தது. “குடும்பங்கள் இருக்கிற சபை இது.”

“ஓம் அண்ணை. நான் அங்க குசினி.”

“அங்க வாற காவாலியளை வைச்சோ எங்களுக்குப் பொருளாதாரம் படிப்பிக்கிறியள்?”

“இந்தச் சபையில இருக்கிற ஆக்களையும் வைச்சுத்தான் அண்ணை. முன்வரிசையில அஞ்சு பேர் முந்திக் கிழமைக்கு ரெண்டு தரம் வந்தவை. தைக்குப் பிறகு காணேல்லை. நீங்கள் மட்டும் இப்ப மத்தியானத்திலயும் வாறியள். வீடு விக்கிறவருக்குப் பகலில வேலை இல்லை எண்டு அதிலதான் எனக்கு விளங்கினது.”

புள்ளிவிவரத்துக்கு உரிய மரியாதையுடன் முன்வரிசை தன் சப்பாத்துகளை ஆராய்ந்தது. முன்வரிசை தன் சப்பாத்துகளை ஆராய்ந்தது.

புஷ்பவதி எழும்பினாள். அவள் அவரைப் பார்க்கவேயில்லை.

“இவற்ர சம்பளத் துண்டு எல்லாத்தையும் நான்தான் எடுத்து வைக்கிறனான். எங்க வேலை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். இவர் அங்க சமைக்கப் போறவர்,” என்றாள். “நீங்கள் என்னத்துக்குப் போறனீங்கள் தலைவர்?”