லெவல் மூன்று மாப்பிள்ளை

ஆங் மோ கியோ அத்தான் சுப்பிரமணியம் அவர்களுக்கு, செம்பவாங்கிலிருந்து மைத்துனன் மாசிலாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், வீட்டுக்காரி சரஸ்வதி, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே உங்கள் சுகரும் அக்காவின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அக்காதான் முதலில் படிப்பார்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பெண் கேட்டு வந்திருக்கும் ரித்திக் வீட்டாருக்கு நம் பக்கத்துப் பெரியவராக நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். என் மகள் சுஷ்மிதாவைக் கொடுப்பதற்கில்லை என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பையனுக்கு நல்ல வேலை, சிகரெட் கிடையாது, எல்லாம் சரி. ஆனால் வியாழன்தோறும் சாயங்காலம் தேக்கா பக்கம் ஒரு மாடியில் நாலு பேரோடு உட்கார்ந்து, குகை, பூதம், புதையல் என்று கதை கட்டிப் பகடை உருட்டுகிறான். பகடைக்கு இருபது முகம், அத்தான். எண்ணிப் பார்த்தேன்.

போன வியாழன் நேரிலேயே போனேன். அவர்களிடம் மூன்று விதமான ஆட்டம் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் போர்வீரன், மந்திரவாதி, வைத்தியர் என்று ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு, பூதங்களைக் கொன்று லெவல் லெவலாக ஏற வேண்டும். சாங்கி விமான நிலையக் கார்கோவில் முப்பத்தொரு வருஷம் கிரேடு கிரேடாக ஏறியவன் நான், இது எனக்கு உடனே பிடித்துவிட்டது. முதல் லெவலில் மந்திரவாதியைப் பூனை கீறினாலே போய்ச் சேர்ந்துவிடுவான், பத்தாவது லெவலில் மலையையே பெயர்ப்பான். போர்வீரன் பாவம், சேர்ந்த நாளிலிருந்து வெட்டிக்கொண்டே இருக்கிறான். எங்கள் லோடிங் செக்‌ஷனிலும் இதே கதைதான். இரண்டாவது ஆட்டத்தில் கிளாஸும் இல்லை, லெவலும் இல்லை. பூட்டைத் திறந்து திறந்து பழகினால் பூட்டுத் திறப்பதில் மட்டும் தேறுவாய். அப்படியானால் யார் சீனியர், யார் யாருக்கு எழுந்து நிற்பது என்று கேட்டேன், அடுத்த பகடையை உருட்டப் போய்விட்டார்கள். மூன்றாவதுதான் அநியாயம். பகடையில் தோற்றால் ஒரு புள்ளி, ஐந்து முறை தோற்றால் முன்னேற்றம். தோற்றவனுக்குப் பிரமோஷன் கொடுக்கும் கம்பெனியை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? மாப்பிள்ளைப் பையனுக்குப் பிடித்தது அதுதானாம். கார் லைசன்ஸ் டெஸ்டில் மூன்று முறை தோற்றதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

“தோத்தாதான் லா கத்துக்க முடியும், அங்கிள்.”

இந்தக் கொள்கையோடு குடும்பம் நடத்தினால் என் பெண் கதி என்ன ஆவது? போதாததற்கு என்னையும் முதல் ஆட்டத்தில் உட்கார வைத்தார்கள். கதை நடத்தும் பெண் ருக்சாரிடம் என் முப்பத்தொரு வருஷ சர்வீஸைச் சொல்லி, எட்டாவது லெவலில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். புதியவர்கள் எல்லாரும் லெவல் ஒன்றுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். லெவல் மூன்றில் இருந்த ரித்திக் என்னைத் தனக்குப் பின்னால் நடக்கச் சொன்னான். அன்றே முடிவெடுத்துவிட்டேன். நாலு நாளாகச் சுஷ்மிதா என்னோடு பேசவில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். மனசு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நான் இறங்கி வருவதாக இல்லை.

அக்காவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
மாசிலாமணி

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. திங்களன்று எழுதியது சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது, இவ்வளவு எழுதியதைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. நேற்று ரித்திக்கிடம் நேரிலேயே ‘இல்லை’ என்று சொல்லிவிடத்தான் போனேன். அதற்குள் குகைக்குள் கூட்டிப்போய்விட்டார்கள். ஒரு பூதம் என்னைச் சாய்த்தது. ரித்திக் குறுக்கே பாய்ந்து காப்பாற்றினான். கடைசியில் லெவல் நான்குக்குப் போக அவனுக்கு வேண்டிய புள்ளிகள் கிடைத்தன, அவற்றை என் பெயருக்கு எழுதச் சொல்லிவிட்டான். அத்தான், முப்பத்தொரு வருஷத்தில் எனக்காகத் தன் பிரமோஷனை விட்டுக்கொடுத்தவன் ஒருத்தன் இல்லை. நான் இப்போது லெவல் இரண்டு. வீட்டுக்கு வந்து சொன்னேன். சுஷ்மிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அப்பா, நீங்க என்ன கிளாஸ்?” என்று கேட்டாள்.

இது கைக்கு வருவதற்குள் நானே போன் செய்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். நிச்சயதார்த்தத்தை மட்டும் வியாழக்கிழமை வைக்க வேண்டாம்.