அம்மி அண்ணன், குழவி அக்கா, நடுவில் நான்

மேடையேறிக் காதல் பாட்டுப் பாடியும் மானம் போகாமல் பிழைத்த அண்ணன் தங்கை, மலேசியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரே ஒரு ஜோடிதான் கிடைக்கும். ஆமாம், அவர்களுடைய மானம் போகவில்லை. போனது என்னுடையது.

அறுபதுகளில் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, 'அம்மி குழவி செட்டு' வந்தால்தான் களை கட்டும். அண்ணன் ரப்பர்ப் பால் சேரும் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஆஜானுபாகு. மேடையில் ஓரிடத்தில் நின்றாரென்றால் கச்சேரி முடிகிற வரை இம்மி நகரமாட்டார். ஆகவே அம்மி. தங்கை பால்மரம் வெட்டி அந்தப் பாலை எடுக்கிறவர். ஒரு வரி பாடுவதற்குள் மேடையின் நீள அகலத்தை அளந்துவிட்டு வருவார். ஆகவே குழவி. பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருப்பார்கள்.

குரலென்றால் அப்படி ஒரு குரல்! இருவரும் சேர்ந்து பாடினால் சீட்டாடுகிறவன்கூடச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவான். ஆனால் அம்மி அண்ணனுக்கு ஒரே ஒரு வியாதி. வெட்கம். கல்யாண வீட்டில் எல்லாரும் கேட்பது சினிமாக் காதல் பாட்டு. கூடப் பிறந்தவளைப் பார்த்துக் 'கண்ணே' என்று எப்படிப் பாடுவது? ஸ்டோரில் வேலை செய்கிறவன் எல்லாம் மறுநாள் சிரிப்பானே!

அதற்கு அவர் முதலில் கண்டுபிடித்த வைத்தியத்தைக் கேளுங்கள். பாட்டில் காதலி, கண்ணே, அன்பே என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் 'தங்கச்சி' என்று மாற்றிப் போட்டுவிட்டார். மற்ற சொற்களை மாற்றவேண்டும் என்று மனிதருக்குத் தோன்றவில்லை. ஒரு கல்யாணப் பந்தலில், கண்ணை மூடிக்கொண்டு, உருக்கமாக, 'உன்னை மணக்கும் நாள் எந்நாளோ தங்கச்சி' என்று இழுத்தார் பாருங்கள். பந்தியில் சோற்றை அள்ளிய கை எல்லாம் அப்படியே நின்றது. அவர்களுடைய அம்மா பந்தலுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார்.

"அடப் பாவி! பாட்ட நிறுத்துடா! சம்பந்தம் பேச வந்தவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க!"

அடுத்த வைத்தியம், முதுகோடு முதுகு திருப்பி நின்று பாடுவது. இதில் வெட்கம் தீர்ந்தது, பாட்டும் சேர்ந்து தீர்ந்தது. மைக் செட்டை டவுனில் ஒரு சீன முதலாளி, தவுக்கேயிடம் வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு செட்டுக்கு ஒரே மைக்தான். இன்னொன்று கேட்டால், "சத்து சுக்குப்லா!" என்று ஒற்றை விரலைக் காட்டுவார். ஒன்று போதுமாம். அந்த ஒரு மைக் இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் தேமே என்று நின்றது. சனங்களுக்குக் கேட்டதெல்லாம் தபேலா சத்தமும் அம்மி அண்ணன் மூச்சு வாங்குகிற சத்தமும்தான்.

இந்த இடத்தில்தான் நான் வந்து மாட்டினேன். அப்போது நான் புல்வெட்டுக் கும்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வாலிபன். காட்டில் தனியாகப் பாடிப் பாடி, பெரிய பாடகன் என்கிற முடிவுக்கு நானாகவே வந்திருந்தேன். செட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் போய் நின்றேன். பாடிக் காட்டச் சொன்னார். பாடினேன். கண்ணை மூடிக் கேட்டார். ஆகா, சொக்கிப் போய்விட்டார் என்று இன்னும் கொஞ்சம் சுருதி ஏற்றினேன். கண்ணைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா ஒசரமா இருக்கியே தம்பி" என்றார்.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நீ நடுவுல நில்லு. மைக்கக் கையில புடிச்சிக்க. தங்கச்சி பாப்பா பாடறப்ப அவ பக்கம் திருப்பு, நான் பாடறப்ப எம் பக்கம் திருப்பு. நீ மறைப்பா நின்னா எனக்கு அவ மூஞ்சி தெரியாதுலா."

"நான் எப்பண்ணே பாடறது?"

"அடுத்த கச்சேரில."

அந்த அடுத்த கச்சேரி வரவே இல்லை என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான்தான் கடைசி வரை ஊகிக்கவில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் தொண்டைக்குப் பனங்கற்கண்டு போட்டுக்கொண்டு போய், ஒரு சொல் பாடாமல் திரும்பி வருவேன்.

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் குழவி அக்கா என் முகத்தைப் பார்த்து 'அன்பே' என்று உருகுவார். சரி, வாலிப வயசு, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மைக்கைத் திருப்பினால் அந்தப் பக்கம் கொத்து மீசையோடு அம்மி அண்ணன், அதே உருக்கத்தோடு என் கண்ணுக்குள் பார்த்துக் 'கண்ணே' என்பார்! இரண்டு பக்கமும் காதலை வாங்கிக்கொண்டு ஒரு பக்கமும் பதில் சொல்லமுடியாமல் அசடு வழிய நிற்பேன். கடைசி வரியை இருவரும் சேர்ந்து பாடும்போது மைக்கை என் நெஞ்சுக்கு நேராக வைக்கவேண்டும். மைக் என் வாய்க்குக் கிட்ட வந்தது அவ்வளவு தூரம்தான்.

மேடையில் என்னிடம் அப்படி உருகிய குழவி அக்கா, மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும்போது, "தள்ளி நில்லேன், வாளி இடிக்குதுல்ல" என்பார். எனக்கு ராத்திரி பூத்த பூவெல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

பாரிட் புந்தாரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எங்கள் கச்சேரியையும் பார்த்துத் தொலைத்தார்கள். மாப்பிள்ளையின் மாமாவுக்குச் சந்தேகம். "பொண்ணு நல்லா பாடுது. ஆனா நடுவுல நிக்கறானே ஒரு ஒல்லிப் பய, அவனப் பாத்துப் பாத்துல்ல பாடுது. அவன் யாரு?"

நான் மைக்கை அவசரமாகக் கீழே வைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்! ஒரு சம்பந்தத்தையே நிறுத்தக்கூடிய ஆளாக என்னையும் ஒருவர் மதித்துவிட்டாரே! அம்மி அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்.

"அதுவா? அது ஆளு இல்லலா. கம்பம். மைக் புடிக்கறதுக்கு."

மாமாவும் ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார். சம்பந்தம் முடிந்தது. அன்றிலிருந்து தோட்டத்தில் எனக்கும் சொந்தப் பெயர் போய்விட்டது. சின்னப் பிள்ளைகள்கூடக் 'கம்பம் அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள்.

எனக்கும் ஒரு நாள் வந்தது. லகாட்டில் ஒரு கல்யாணம். அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பந்தலோரம் சுக்குத்தண்ணீர் குடித்துக்கொண்டே, "ஒரு பாட்டு நீ எடுத்துக்கடா" என்று சைகை காட்டினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழவி அக்கா முதல் வரியைப் பாடினார். அடுத்தது என் வரி. உயிரைக் கொடுத்துப் பாடினேன். ஆனால் பழகிய கை இருக்கிறதே, அது ஆண்குரல் வருகிற இடம் வந்ததும் மைக்கை வழக்கம்போல அண்ணன் நிற்கிற பக்கம் கொண்டுபோய் நீட்டிவிட்டது. அங்கே யாரும் இல்லை! பாட்டு முழுக்க இதே கதை. கடைசியில் கைத்தட்டல் வேறு. ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "என்னா தம்பி, இந்தப் பாட்டுல ஆம்பளைக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றார். குழவி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அதோடு என் இசை வாழ்வு முற்றுப்பெற்றது. ரப்பர்த் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீடுகளாகிவிட்டது. நான் ஈப்போவுக்கு வந்து ஒரு கட்டடத்து வாசலில் காவலாளியானேன். கார் வந்தால் தடுப்புக் கம்பத்தைத் தூக்கவேண்டும், போனால் இறக்கவேண்டும். பரம்பரைத் தொழில் மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருஷம், பழைய தோட்டத்துச் சனங்கள் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் ஒன்றுகூடி மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவதாக ஏற்பாடு. அம்மி குழவி செட்டு பாடவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. பாரிட் புந்தாரிலிருந்து குழவி அக்கா எனக்குப் போன் போட்டார்.

"கம்பம், அண்ணன் பாட மாட்டேங்குது. ஏன்னும் சொல்ல மாட்டேங்குது. எனக்கு இன்னும் எத்தன தடவ வாய்க்கப் போவுது? நீ போய்ப் பேசுலா."

அந்தக் குரல் உடைந்ததைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் லகாட்டுக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். எண்பத்தைந்தைத் தாண்டியும் அதே மலை. ஆனால் காது சுத்தமாகப் போய்விட்டது. மெஷின் வைத்தால் தலைக்குள் வண்டு பறக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டாராம். பக்கத்தில் ஒரு பாய் நடத்தும் மாமாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு தே தாரிக் டீ சொல்லி, வாயசைத்துக் கையசைத்துக் கேட்டேன். அவர் கடையே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் பதில் சொன்னார்.

"என்னா பாடறது? போன வருஷம் பேத்தி கல்யாணத்துல ஆளுக்கு ஒரு மைக்கக் குடுத்தாங்க. நீதான் கண் ஆப்பரேசன்னு வரல. பாப்பா எங்க நிறுத்தறா, நான் எங்க புடிக்கறதுன்னு ஒரு எழவும் தெரியல. அவ பாடறப்பவே நான் நடுவுல பூந்துட்டேன். சனங்க சிரிச்சிச்சி. அவ மேடையிலயே அழுதுட்டாடா. இன்னொரு தடவ அவள அழ வைக்கவா?"

அந்த மாதிரி நேரத்தில் ஒரு நல்ல யோசனை சொல்லக்கூடிய மூளை எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் கம்பமாகிறேன்? ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவராவது குடிக்கட்டும் என்று கிளாஸை அவர் பக்கம் மெல்லத் திருப்பி நீட்டினேன்.

அண்ணன் சட்டென்று வாயைத் திறந்து பாட ஆரம்பித்துவிட்டார்!

பழைய பாட்டு, ஆண்குரல் வரி, சுருதி பிசகாமல். ரொட்டி வீசிக்கொண்டிருந்த பாய் கையை அப்படியே நிறுத்திவிட்டார். பயந்துபோய்க் கிளாஸை இழுத்துக்கொண்டேன். பாட்டு நின்றது. திரும்பவும் நீட்டினேன். விட்ட இடத்திலிருந்து வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணனுக்கு மீசை துடித்தது. தங்கை குரல் கேட்டு அவர் என்றைக்குப் பாடினார்? என் கையைப் பார்த்தல்லவா பாடினார்!

"ஞாயித்துக்கெழம வாரேன்னு பாப்பாகிட்ட சொல்லு" என்றார். பாய் டீக்குக் காசு வாங்கவில்லை. அடுத்த பாட்டு எப்போது என்று மட்டும் கேட்டார்.

மண்டபத்தில் ஒலிபெருக்கிக்காரப் பையன் கம்பி இல்லாத மைக் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். குழவி அக்கா ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டு எதுக்குலா? சத்து சுக்குப். ரெண்டு இருந்தா இவன் எங்க நிப்பான்?"

நின்றேன். நடுவில், பழைய இடத்திலேயே நின்றேன். அக்கா பக்கம் மைக் போனது. அந்தக் குரலில் இப்போது கொஞ்சம் கரகரப்பு, ஆனால் உருக்கம் அதேதான். வரி முடிந்ததும் அண்ணன் பக்கம் திருப்பினேன். மனிதர் கண்ணை என் கையிலிருந்து எடுக்காமல், ஒரு மயிரிழை தவறாமல் பிடித்தார். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. சனங்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்குக் கண் மறைத்தது. ஆப்பரேஷன் செய்த கண்தான், டாக்டரைக் குறை சொல்லமுடியாது.

கடைசி வரி வந்தது. வழக்கம்போல மைக்கை நெஞ்சுக்கு நேரே வைத்தேன். அம்மி அண்ணன் பாடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து மைக்கை மேலே தூக்கி என் வாய்க்கு நேராக வைத்தார். "பாடுடா" என்றார். என் கை பழக்கதோஷத்தில் அவர் பக்கம் திரும்பப் பார்த்தது. அவர் திருப்ப விடவில்லை.

பாடினேன். அந்த வரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. ஒலிபெருக்கிக்காரப் பையன் எதுவோ பழுது என்று பெட்டியைத் திறந்து பார்த்தான். குழவி அக்கா அந்தக் காலத்தைப் போலவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் மட்டும் கடைசி வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மண்டபம் அதிரச் சொன்னார்.

"நல்லா பாடுனடா கம்பம்!"

காது கேட்காதவர் கொடுத்த பாராட்டு என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கும் நான்தான் நடுவில் நிற்கவேண்டும் என்று அண்ணனும் அக்காவும் சொல்லிவிட்டார்கள். நான் இப்போதே பனங்கற்கண்டு வாங்கி வைத்துவிட்டேன்.