காட்டெருமையும் வாப்பாவின் கத்தியும்

பத்திரிகையில் வேலை பார்க்கிறவன் தன் தகப்பனாரோடு வேட்டைக்குப் போகக் கூடாது. தகப்பனார் ஜவுளி வியாபாரியாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. இதில் எனக்கு முன் அனுபவம் இருக்கிறது. ஒரே ஒரு முறைதான். அதுவே இந்த ஆயுளுக்குப் போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் துபாயின் தேரா பகுதியில் இருந்தோம். வாப்பாவுக்கு அங்கே மொத்த ஜவுளிக்கடை. சொந்த ஊர் கீழக்கரை. கடையின் சரக்கில் பெரும்பகுதி கப்பலேறி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். அதை வாங்குகிறவர்களில் தலையாயவர் ஹம்ஸா என்கிற தான்சானியக்காரர். ஆள் நல்ல உயரம், நிதானமான பேச்சு. துபாய்க்கு வந்தால் ஒரு நாளாவது எங்கள் வீட்டில் நெய்ச்சோறு சாப்பிடாமல் போக மாட்டார். சாப்பிடும்போது வாப்பா அவருக்குத் தன் வேட்டைக் கதைகளைச் சொல்வார்.

அந்தக் கதைகளின் அடிப்படை உண்மை இதுதான்: இளவயதில் வாப்பா, இரவல் வாங்கிய காற்றுத் துப்பாக்கியால் பனங்காட்டில் ஒரு கௌதாரியைச் சுட்டார். (அது ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்தது என்பது உம்மாவின் தரப்பு.) ஹம்ஸா ஒவ்வொரு முறை வரும்போதும் கௌதாரி வளர்ந்தது. முயலாகி, மானாகி, கடைசியில் என்ன மிருகம் என்றே சொல்லாமல் "அது" என்று மட்டும் குறிப்பிடும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

ஹம்ஸா நம்பிவிட்டார். நல்ல மனிதர்களிடம் இருக்கிற தொந்தரவு இது. அவருடைய மைத்துனர் அரசாங்க உரிமம் பெற்று வேட்டை முகாம் நடத்துகிறவர். ஒரு நாள் சாப்பிடும்போது ஹம்ஸா சொன்னார்:

"ஹாஜி, இந்த முறை நீங்கள் வருகிறீர்கள். உங்கள் மகனையும் கூட்டி வாருங்கள். காட்டெருமை சுடுவோம். ஊரைக் கூப்பிட்டு விருந்து வைப்போம்."

"மாஃபி முஷ்கில்" என்றார் வாப்பா. பிரச்சினையே இல்லை என்று அர்த்தம். தேராவில் இதைச் சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது.

எனக்கும் இதில் ஒரு கணக்கு இருந்தது. துபாயின் ஆங்கில நாளேடு ஒன்றில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். நிருபராக வேண்டும் என்று ஆசை. செய்தி ஆசிரியர் ஒரு மங்களூர்க்காரர். சிரிக்கிற பழக்கம் இல்லாதவர். வெள்ளிக்கிழமை இணைப்புக்கு ஒரு முழுப்பக்கம் கேட்டார்: தந்தையும் மகனும் ஆப்பிரிக்காவில் வேட்டை, படத்தோடு. "நன்றாக இருந்தால் நிருபர் வேலையைப் பற்றிப் பேசலாம்" என்றார். அதை வீட்டில் சொன்னேன்.

"சரி, எழுது. ஆனா அந்தப் பேப்பர்காரங்க ஒன்னை நிருபராக்கலைன்னா, நோன்புக்கு முன்னால கடையில வந்து உக்காந்துடணும். இதோட பேச்சு கலாஸ்" என்றார் வாப்பா.

ஆக, அவருக்கு ஹம்ஸாவின் முன்னால் மானம் தப்ப வேண்டும். எனக்குக் கல்லாப்பெட்டியிலிருந்து தப்ப வேண்டும். இரண்டுமே ஒரு எருமையை நம்பியிருந்தன.

ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இன்னும் எரிச்சல் வருகிறது. வேட்டைக்காரன் சட்டை என்று வாப்பா ஒன்று வாங்கினார். அதில் இருந்த பைகளுக்குப் போடச் சாமான் பற்றாமல் வீட்டிலிருந்த பாக்குப் பொட்டலம், தைலம், நகவெட்டி எல்லாம் உள்ளே போயின. ஓர் அட்டைப்பெட்டியில் மாசிக் கருவாடு, ஊறுகாய், தொதல் அல்வா எல்லாம் அடுக்கி, கயிறு சுற்றி, நான்கு பக்கமும் தன் பெயரை எழுதினார். கடைசியாக, அறுப்புக் கத்தி. புதிதாக வாங்கி, தீட்டி, என் பத்திரிகையிலேயே சுற்றி, பெட்டியின் அடியில் வைத்தார்.

"கத்தி எதுக்கு வாப்பா? அங்க துப்பாக்கி குடுப்பாங்க."

"துப்பாக்கியில செத்தா யாருடா திங்கிறது? உசுரு இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கணும். ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டிருக்காரு மனுசன்."

"அத அங்க உள்ளவங்க பாத்துக்குவாங்க."

"சுடுறது நானு. அறுக்குறதும் நாந்தான். ஹம்ஸாட்ட சொல்லிட்டேன்."

தான்சானியாவில், அந்த முகாமில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஜுமா. பொறுமைசாலி. (வாப்பாவைச் சந்தித்த பிறகும் சில நாள் அப்படியே இருந்தார்.) முதல் நாள் ஒரு பலகையில் சுடப் பழக்கினார். முதல் குண்டுக்கு வாப்பா பின்னால் நகர்ந்தார், பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. நாலைந்து குண்டுக்குப் பிறகு பலகையின் ஓரம் சிதறியது. தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே, "கை பழக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

மறுநாள் ஜுமா எங்களைப் புல்லில் வெகுதூரம் நடத்திக் கூட்டிப்போய், ஒரு காட்டெருமையைக் காட்டினார். பெரியது. பக்கவாட்டில் நின்றது. சுட இதைவிடத் தோதாக அது நிற்க முடியாது. கேமராவைத் தூக்கினேன்.

வாப்பா அதை மேலும் கீழும் பார்த்தார். "வேற காட்டச் சொல்லு" என்றார்.

"வாப்பா, அது நிக்கிது. சுடுங்க."

"மொதல்ல காட்டுறது விக்காம தங்குன சரக்குடா. எந்தக் கடையிலயும் அப்படித்தான்."

இதை ஜுமாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பது? "என் தந்தை இன்னும் தயாராகவில்லை" என்றேன். அடுத்ததில் கொம்பு ஒரு பக்கம் கொஞ்சம் சிறியது. அதற்கடுத்தது "சாயம் வெளுத்த மாதிரி" இருந்தது. வாப்பா ஒவ்வொன்றையும் நிராகரித்துவிட்டு, ஜுமா விலையைக் குறைக்கக் காத்திருப்பவர்போலத் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜுமா என்னிடம் மெல்லிய குரலில் கேட்டார்: "உங்கள் தந்தைக்கு என்னதான் வேண்டும்?" எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. இருபத்தைந்து வயதுவரை நான் போட்ட சட்டைகளும் இப்படித்தான் வாங்கப்பட்டன.

கடைசி நாள் வந்தது. அன்றுதான் விருந்து. ஹம்ஸா எங்களோடு வண்டியில் வந்தார். முகாமை ஒட்டிய கிராமத்தில் அடுப்பு மூட்டி, அண்டா ஏற்றிவிட்டார்கள். அண்டாவுக்குள் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. வாப்பாவின் முகத்தில் முதன்முறையாகக் கவலை தெரிந்தது. கத்தியை இடுப்பு வாரில் செருகியிருந்தார்.

வழியில் ஹம்ஸா சமாதானமாகச் சொன்னார்: "ஹாஜி, சுடும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கம் சிலர் அதையே போதும் என்பார்கள்."

"எங்க ஊருல அது செல்லாது" என்றார் வாப்பா.

ஒரு கிழட்டு எருமை தனியாக நின்றது. இந்த முறை வாப்பா வேறு காட்டச் சொல்லவில்லை. ஜுமா ஊன்றிய மூன்றுகால் தாங்கியில் துப்பாக்கியை வைத்தார். "பிஸ்மில்லாஹ்" என்றார். சுட்டார். எருமை முன்னங்காலை மடித்துப் பொத்தென்று சாய்ந்தது.

நாங்கள் எல்லோரும் திகைத்துப்போனோம். வாப்பாதான் அதிகம் திகைத்தார் என்று நினைக்கிறேன்.

ஜுமா கையை உயர்த்தினார். யாரும் அசையக் கூடாது. விழுந்த காட்டெருமையிடம் உடனே போகக் கூடாது, காத்திருந்து, பின்பக்கமாகப் போய், செத்துவிட்டதா என்று துப்பாக்கி முனையால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை அவர் முதல் நாளிலிருந்து காலையும் மாலையும் சொல்லியிருந்தார். வாப்பாவும் காலையும் மாலையும் தலையாட்டியிருந்தார்.

"நிக்கச் சொல்றாரு வாப்பா."

"நின்னா உசுரு போயிரும்டா" என்று சொல்லிவிட்டு வாப்பா ஓடினார்.

தேராவில் சிக்னல் பச்சையில் இருக்கும்போதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறவர் அவர். முட்டிவலிக்காரர். அவர் கத்தியை உருவிக்கொண்டு புல்லைத் தாண்டிக் குதித்து ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். நானும் ஓடினேன். தகப்பனைக் காப்பாற்ற ஓடினேன் என்று எழுத ஆசைதான். எருமையின் தலைப்பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது. அங்கிருந்து எடுத்தால் படம் முழுப்பக்கத்துக்குத் தாங்கும். அதற்காக ஓடினேன். வயதில் சிறியவன், அதனால் முந்திவிட்டேன்.

செத்த எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது.

அது எழுந்து நிற்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பது என் நினைவில் இல்லை. பக்கத்தில் ஒரு முள்மரம் இருந்தது. அடுத்து நினைவிருப்பது, நான் அதன் மேல் இருந்தேன் என்பதுதான். எனக்குக் கீழே வாப்பா ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே எருமை நின்று மூச்சுவிட்டது. எங்களுக்கும் ஜுமாவுக்கும் நடுவில் அது நின்றதால் அவரால் சுட முடியவில்லை. தப்பினால் குண்டு எங்கள் மேல் படும்.

"மேல போடா. எனக்கு எடம் விடு."

"மேல கெளை இல்ல வாப்பா."

"அப்ப காலை எடு. அது என் கை."

கையை விடுவித்துக்கொண்டு, சாகக் கிடக்கிறவனிடம் சொல்வதுபோல, "கலிமா சொல்லு" என்றார்.

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். கீழே எருமை காதை ஆட்டியது. அந்த நிலையில்தான், பத்திரிகைக்காரனாக ஆகியே தீருவது என்று நினைத்த எவனும் செய்யக்கூடியதை நான் செய்தேன். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய கேமராவை மறு கையால் எடுத்து, ஒரு படம் எடுத்தேன்.

எருமை ஜுமாவின் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்தது. அவர் சுட்டார், மீண்டும் சுட்டார். விழுந்தது. உடனே மரத்திலிருந்து வாப்பாவின் குரல்: "இன்னும் உசுரு இருக்கு. என்னை எறக்கிவிடுங்க, சீக்கிரம்."

இறங்கியவரை ஜுமா சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். (வாப்பாவின் காலரைப் பிடித்த ஒரே மனிதர்.) பின்பக்கமாகப் போய்க் கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். வாப்பா கிழிந்த கால்சட்டையோடு மக்கா இருக்கும் கிப்லா திசை பார்த்து நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தார். அதற்குள் உயிர் போய்விட்டது என்பது ஜுமாவின் கருத்து. எல்லோரும் ஹம்ஸாவைப் பார்த்தோம். ஹம்ஸா எருமையைப் பார்த்தார், பிறகு வாப்பாவின் கிழிந்த கால்சட்டையைப் பார்த்தார்.

"பின்னங்கால் அசைந்ததை நான் பார்த்தேன்" என்றார்.

விருந்து நடந்தது. அந்த மனிதருக்கு அதன்பிறகு வாப்பா முதல் தரச் சரக்கைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை.

துபாய் திரும்பிப் படச்சுருளைக் கழுவினால், மற்றதெல்லாம் வாப்பாவின் முதுகும் புல்லும். ஒன்று மட்டும் தேறியது. அது அபாரமாக இருந்தது: மரத்தைக் கட்டிப்பிடித்தபடி கண்களை இறுக மூடிய வாப்பா, கையில் கத்தி, கீழே எருமை. அதைச் சுற்றிக் கட்டுரையை எழுதினேன். தந்தை மரத்தில் தவித்ததை நகைச்சுவையோடு விவரித்தேன். என்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: "சற்றுத் தொலைவில் நின்ற இச்செய்தியாளர் பதற்றமின்றிக் காட்சியைப் பதிவு செய்தார்." அந்த வரியை எழுதிய அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

செய்தி ஆசிரியர் கட்டுரையைப் படித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் கட்டுரையைப் படித்தார். படத்தை அரைப்பக்கத்துக்குப் பெரிதாக்கிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் பேப்பரை விரித்தேன். வாப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பசியாறிக்கொண்டே பார்த்துவிட்டு, "படத்துல எருமை நல்லா விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் படத்தை மட்டும் பார்த்தார், நீண்ட நேரம்.

"ஒங்க வாப்பா தலையில சொட்டை இம்புட்டுப் பெருசா தெரியுதே."

"ஆமாம்மா."

"எருமை முதுகும் தெரியுது."

"ஆமா."

"அப்ப நீ எங்கடா இருந்தே?"

நான் பேப்பரைப் பார்த்தேன். அரைப்பக்க அளவில், தேரா முழுக்க, மேலிருந்து எடுத்த படம். பிழை திருத்துகிறவன் கண்ணுக்கு அந்த நிமிடம்வரை அது படவில்லை.

வாப்பா இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டே, "நான் ஒண்ணும் சொல்லல, ஹலீமா. அவன் எழுத்து வேலையில இருக்கவன். கெட்ட பேரு வந்துரக் கூடாதுன்னு பேசாம இருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். "நிருபர் வேலை உனக்கு வேண்டாம். கண்ணால் பார்த்ததை எழுதச் சொன்னால் நீ தொலைவுக்குப் போய்விடுகிறாய். உதவி ஆசிரியராக உட்கார். மற்றவர்கள் எழுதுவதில் இந்த மாதிரி வரி வந்தால் வெட்டு. உனக்குச் சட்டென்று தெரியும்." நிருபர் ஆகவில்லை, ஆனால் கல்லாவுக்கும் போகவில்லை. வாப்பா இதை ஒரு வியாபாரிக்குரிய நியாயத்தோடு ஏற்றுக்கொண்டார்: கேட்ட துணி கிடைக்கவில்லை, கிடைத்தது கிழிசல் இல்லை.

அந்த நாற்காலியிலேயே என் தலை நரைத்தது. குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுப்பது என் பொறுப்பு. ஆட்கள் வரிசையாக நின்றதும் யாராவது உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து என் முன்னால் போடுவார்கள். உம்மா வரிசையில் நின்றபடியே சொல்வார்:

"ஏறிக்க தம்பி. கீழ நின்னா ஒனக்கு வராது."