நடுப் பாலத்துத் துப்பாக்கி

என் அக்காவின் கணவரிடம் ஒரு துப்பாக்கி உண்டு. பயப்பட வேண்டாம். பத்தொன்பது வருடத்தில் அது ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. நகைக்கடை வாசலில் அத்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அது அவர் மடியில் படுத்திருக்கும். சொந்தத் துப்பாக்கியும் அதற்கு லைசென்சும் இருப்பவருக்குத்தான் அந்த வேலை. உள்ளதைச் சொன்னால் வேலை துப்பாக்கிக்கு. அத்தான் துணைக்குப் போய்வந்தார்.

அக்கா நர்ஸ். அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலத்துக்கு மாற்றினார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கேயும் ஒரு நகைக்கடை முதலாளி அத்தானைக் கூப்பிட்டார்.

"மூணு மாசம் வரைக்கும் பாப்பேன். துப்பாக்கியோட வாங்க. வெறுங்கையோட உக்கார எனக்கு மச்சினன் இருக்கான்" என்றார்.

அத்தான் இந்தப் பக்கத்து ஆயுத உரிம அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா தலை நிமிரவில்லை.

"அந்த மாநிலத்துல தடையின்மைச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அப்புறம்தான் மேற்படி ஆயுதம் பாலத்தைத் தாண்டலாம்."

அந்தப் பக்கத்து குமாஸ்தா நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"சான்றிதழ்தானே, தாராளமா தரலாம். துப்பாக்கியை ஒருதரம் நான் கண்ணால பாக்கணும். கொண்டு வாங்க."

"சான்றிதழ் இல்லாம கொண்டுவர முடியாதே."

"கொண்டுவராம சான்றிதழ் தர முடியாதே."

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பு கிடையாது. அதுதான் கஷ்டம்.

துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு அக்காவிடம் போய் இருக்கலாமே என்றால், துப்பாக்கி எந்த விலாசத்தில் இருக்கிறதோ உரிமதாரரும் அதே விலாசத்தில் வசிக்க வேண்டும் என்பது விதி. விற்றுத் தொலைக்கலாம் என்றால் அதற்கும் ஒரு மனு, மனுவோடு இணைக்க அதே தடையின்மைச் சான்றிதழ். ஆக அத்தான் தனியாகச் சோறு வடித்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு துப்பாக்கிக்குக் காவலாகக் கிடந்தார். சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டு, "அப்பா, எங்களைவிட அது முக்கியமா?" என்று கேட்பாள். மனுஷனுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிடும்.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது என் அக்கா லீவு போட்டுவிட்டு இரண்டு அலுவலகங்களுக்கும் ஏறி இறங்கினாள்.

"நடுப் பாலத்துல வெச்சுப் பாருங்க சார். துப்பாக்கி தாண்ட வேண்டாம், உங்க கண்ணு தாண்டட்டும்" என்றாள்.

இதைத் தடுக்கும் விதி ஒன்றும் கிடைக்காததால், இரு தரப்பும் மிகுந்த வருத்தத்துடன் சம்மதித்தன.

பாலத்தின் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று உண்டு, அதுதான் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜை, அந்தப் பக்கம் ஒரு மேஜை. வெளிமாநிலத்தில் கிடக்கும் பொருளைப் பார்வையிட அந்தப் பக்கத்து அதிகாரிக்கு அதிகாரம் இல்லை என்பதால், துப்பாக்கியைக் குறுக்கே வைத்தார்கள். கட்டை இந்த மாநிலம், குழாய் அந்த மாநிலம்.

"நம்பர் எங்க?" என்றார் அந்தப் பக்கத்து அதிகாரி.

"கட்டைப் பக்கம் சார். கொஞ்சம் எட்டிப் பாத்தா தெரியும்" என்றார் அத்தான்.

"எட்டினா என் தலை வெளிமாநிலம் போயிடும். பயண உத்தரவு வாங்கலையே."

"நான் படிச்சுச் சொல்றேன்" என்றார் இந்தப் பக்கத்து அதிகாரி.

"வெளிமாநிலக் குரலைப் பதிவு பண்ண எங்க பதிவேட்டுல கட்டம் இல்லைங்க."

கடைசியில் அத்தான் துப்பாக்கியைத் திருப்பி வைத்தார். இப்போது கட்டை அந்தப் பக்கம். நம்பரை எழுதிக்கொண்டார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். அக்கா பையில் கொண்டுவந்திருந்த பழங்களை உரிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது இந்தப் பக்கத்து அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"கட்டை இப்ப அங்க இருக்கு. குழாய் ஏற்கெனவே அங்க இருந்துச்சு. அப்ப முழுத் துப்பாக்கியும் எல்லையைத் தாண்டியிருக்கு. அனுமதியில்லாம."

"குழாய் இங்கேருந்து கிளம்பி அங்க போயிருக்கு. அது தனிக் குற்றம்" என்றார் மற்றவர்.

உடனே பறிமுதல். கட்டையை அவர்கள் பறிமுதல் செய்தார்கள், குழாயை இவர்கள். ஒரு மாநிலம் விடாமல் மற்ற மாநிலம் எடுத்துப்போக முடியாது. ஆகவே துப்பாக்கி அங்கேயே கிடக்க வேண்டும். பறிமுதலான ஆயுதத்துக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஆயுத உரிமம் பெற்ற காவலாளி இருந்தாக வேண்டும். இரண்டு அதிகாரிகளும் அத்தானைப் பார்த்தார்கள்.

"என் துப்பாக்கியைத்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்களே" என்றார் அத்தான்.

"லைசென்ஸ் உங்ககிட்டதானே இருக்கு? துப்பாக்கியும் இருக்கணும்னு விதியில இல்லை."

அன்றே நியமனம். சீருடையில் சட்டை ஒரு மாநிலம், கால்சட்டை ஒரு மாநிலம். துப்பாக்கியின் விலாசம் இனி பாலம் என்பதால், குடும்பத்தோடு வசிக்கக் கோட்டின் மேலேயே கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். அடுப்படி அந்தப் பக்கம், படுக்கையறை இந்தப் பக்கம். மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை என்று அக்கா போனில் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். பாலத்தில் ஒரு பர்லாங்கு தூரத்துக்கு வரிசை நின்றது. விஷயம் பரவி, மாநிலம் மாறுகிறவர்கள் எல்லாரும் மோட்டார் சைக்கிள், கிளி, மாவரைக்கும் மெஷின் என்று கோட்டின் மேல் வைத்துப் பார்க்கக் கொண்டுவந்திருந்தார்கள். முன்னால் அத்தான் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டு மாநிலமும் சேர்ந்து கொடுத்த ரப்பர் ஸ்டாம்ப்.

"அத்தான், நான்தான்" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "யாரைப் பாக்கணும்?"

"என்ன அத்தான் இது. அக்காவைத்தான்."

"அடுப்படியில இருந்தா அந்த வரிசை. படுக்கையறைன்னா இந்த வரிசை. எங்க இருக்காங்கன்னு எழுதி, மூணு பிரதி எடுத்துட்டு வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த மனுஷனுக்காகவா மூன்று மாதம் ஊரெல்லாம் போய் அதிகாரிகளைத் திட்டித் தீர்த்தேன் என்று ஆத்திரம் பொங்கியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து கிளிக்கூண்டுக்காரர் ஒருவர் என்னை இடித்துக்கொண்டு முன்னால் நுழைந்தார்.

அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏங்க, வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல? மூணு பிரதி எடுத்தீங்களா, முதல்ல?"